ஃப்ளை ஃபிஷிங் வரலாறு: கல்லூரிக் கட்டுரையை எங்கே தொடங்குவது, எதை நம்புவது

விளையாட்டு வரலாறு, ஆங்கில இலக்கியம், சுற்றுச்சூழல் வரலாறு என்று எந்தத் துறையில் படித்தாலும் சரி, ஃப்ளை ஃபிஷிங் வரலாற்றைக் கட்டுரைக்கு எடுத்தவருக்குத் தகவல் பஞ்சம் இருக்காது. கொட்டிக் கிடக்கிறது. ஆனால் பத்து இடத்தில் படித்தால் பத்திலும் அதே பெயர்கள், அதே வரிசையில் வரும்: ரோமாபுரிக் கால ஏலியன், கன்னியர் மடத்தின் ஜூலியானா பெர்னர்ஸ், ஐசக் வால்டன், ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட், அமெரிக்காவின் தியோடர் கார்டன். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். இந்த வரலாற்றை நெடுங்காலம் எழுதி வந்தவர்கள் தூண்டில் பிரியர்களே. வரலாற்று ஆய்வாளர்கள் பின்னால்தான் வந்தார்கள். ஆகவே கட்டுரையில் நீங்கள் மதிப்பெண் வாங்கப்போவது அந்த வரிசையை மறுபடி ஒப்பிப்பதில் அல்ல. "இதை முதலில் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும்?" என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதில்தான்.

இந்த மீன்பிடிப்பைப் பார்த்தே இராதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம். தூண்டில் முள்ளில் மண்புழு குத்துவதற்குப் பதிலாக, இறகு, ரோமம், நூல் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டிப் பூச்சி போல ஒன்றைச் செய்கிறார்கள். அதற்குப் பெயர்தான் ஃப்ளை. அதற்கு எடையே இல்லை என்பதால் சாதாரணத் தூண்டில் போல வீச முடியாது. கனமான நூலையே கோலால் முன்னும் பின்னும் வீசி, அதன் வேகத்தில் பூச்சியைக் கொண்டுபோய் நீரில் இறக்க வேண்டும். குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட், கிரேலிங், சால்மன் மீன்களுக்காக வளர்ந்த முறை இது.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள்

"ஃப்ளை ஃபிஷிங்கின் வரலாறு" என்று தலைப்புக் கொடுத்தால் பேராசிரியர் திருப்பித்தான் அனுப்புவார். 1,800 வருடத்தைப் பதினைந்து பக்கத்தில் அடக்க முடியாது. ஒரு கேள்வியாக மாற்றுங்கள். தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய முதல் ஆங்கில நூலுக்குப் பெர்னர்ஸ்தான் ஆசிரியர் என்ற கருத்து எப்படி நிலைத்தது? தூண்டில் நூலின் நுனியில் கட்டிவந்த பட்டுப்புழு நரம்பை நைலான் வெளியேற்றியபோது மீன்பிடிக்கும் முறையில் என்ன மாறியது? அமெரிக்காவில் பூச்சி கட்டும் பட்டறை நடத்திய மேரி ஆர்விஸ் மார்பரியின் 1892-ஆம் ஆண்டுப் புத்தகம் செயற்கைப் பூச்சிகளின் பெயர்களை எப்படி ஒழுங்குபடுத்தியது? நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விடுவதற்கு யார் செலவு செய்தார்கள், எதற்காக?

இவற்றில் எதை எடுத்தாலும் ஒரே நிபந்தனை: மூலச் சான்று உங்கள் கைக்கு எட்ட வேண்டும். 1900-க்கு முந்தைய ஆங்கிலப் புத்தகங்கள் என்றால் கவலையில்லை, பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜெர்மன், ஸ்பானிய, ஜப்பானியச் சான்றுகளுக்கு அந்த மொழி தெரிந்த துணை வேண்டும். 1930-க்குப் பிந்தியவற்றுக்குக் காப்புரிமை குறுக்கே நிற்கும். இந்தக் கணக்கைத் தலைப்பு முடிவாகும் முன்பே போட்டுவிடுங்கள்.

ஏலியனை எப்படிப் படிப்பது

எல்லாரும் தொடங்கும் இடம் கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய ஏலியன். விலங்குகளின் இயல்பு பற்றி அவர் கிரேக்கத்தில் எழுதிய நூலில் 15-ஆம் புத்தகத்தின் முதல் அத்தியாயம்தான் அந்தப் பகுதி. ஒரு பக்கம்கூட வராது. அதைப் பற்றிப் பிறர் எழுதியதை ஒதுக்கிவிட்டு அந்தப் பக்கத்தையே படியுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு எளிதில் கிடைக்கும்.

அதில் என்ன இருக்கிறது? பெரோயாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் நடுவே ஓடும் அஸ்திரேயஸ் என்ற ஆற்றில் புள்ளி போட்ட தோலுடைய மீன்கள் உண்டு. நீர்மேல் பறக்கும் ஒருவகை ஈயை அவை தின்னும். மாசிடோனியர்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டை அதில் பொருத்துவார்கள். கோல் ஆறடி, நூலும் ஆறடி. உயிருள்ள ஈயையே குத்திப் போடக் கூடாதா என்ற சந்தேகத்துக்கும் அவரே பதில் வைத்திருக்கிறார்: கை பட்டால் அந்த ஈ நிறம் மங்கி வாடிவிடும், இரைக்கு உதவாது.

சரி, இதைக் கட்டுரையில் எப்படிப் பயன்படுத்துவது? மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டதாகத்தான் ஏலியன் தொடங்குகிறார். இத்தாலியை விட்டு வெளியே போனதே இல்லை என்று சொல்லிக்கொண்டவராக அறியப்படும் மனிதர் அவர். அப்படியென்றால் இது நேரில் பார்த்தவரின் சாட்சியம் அல்ல. இரண்டாவது, உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே செய்துவந்த வழக்கமாகத்தான் அவர் இதைச் சொல்கிறார், புதுக் கண்டுபிடிப்பாக அல்ல. ஆகவே "கி.பி. 200-இல் ஃப்ளை ஃபிஷிங் கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுதினால் தப்பு. "நமக்குக் கிடைத்த தெளிவான முதல் வர்ணனை" என்று எழுதலாம். மூன்றாவதுதான் பலர் தாண்டிப் போவது. இதற்குப் பிறகு ஆயிரம் வருடம் கிட்டத்தட்ட மௌனம். மாசிடோனியாவிலிருந்து இங்கிலாந்து வரை ஒரே கோடு இழுக்க யாரிடமும் சான்று இல்லை. அடுத்து நமக்குக் கிடைப்பது 13-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கவிஞர் வோல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக் பாடிய ஓர் இளைஞன்: வெறுங்காலோடு ஓடையில் இறங்கி, இறகுத் தூண்டிலால் ட்ரவுட்டும் கிரேலிங்கும் பிடிக்கிறான். 1500-ஐ ஒட்டி பவேரியாவின் டெகர்ன்ஸே மடத்தில் எழுதப்பட்ட கையேட்டில் இறகுத் தூண்டில் கட்டும் குறிப்புகள் ஏராளம் உண்டு. மடத்துச் சமையலறைக்கு மீன் கொண்டுவந்தவர்களின் கைத்தொழில் அறிவு அது. கனவான்களின் பொழுதுபோக்காகவே இந்தக் கலை பிறந்தது என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இந்த ஜெர்மன் சான்றுகளைக் கல்வியுலகின் முன் வைத்தவர் ரிச்சர்ட் ஹாஃப்மன் என்ற இடைக்கால வரலாற்று ஆய்வாளர். அவர் பெயரைப் போட்டுத் தேடினால் ஆய்விதழ்க் கட்டுரைகள் கிடைக்கும்.

பெர்னர்ஸ் விவகாரம்

சான்றைச் சோதிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட வசதியான பாடம் கிடையாது. "தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய முதல் ஆங்கில நூலை 1496-இல் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியர் மடத் தலைவி எழுதினார்" என்ற வாக்கியத்தை நூறு இடத்தில் பார்ப்பீர்கள். அதைத் துண்டு துண்டாக்கிச் சோதியுங்கள்.

1496 சரி. வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வேர்ட் என்ற அச்சுக்காரர், வேட்டை, வல்லூறு வளர்ப்பு பற்றிய பழைய தொகுப்பை மறுபதிப்பாகப் போட்டபோது அதோடு இந்த மீன்பிடிப்புப் பகுதியையும் சேர்த்தார். 12 செயற்கைப் பூச்சிகளின் செய்முறை அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகுப்பின் முதல் பதிப்பு 1486-இல் செயின்ட் ஆல்பன்ஸில் வந்தபோது மீன்பிடிப்புப் பகுதியே கிடையாது. அம்மையாரின் பெயர் வருவது அங்கேதான், அதுவும் வேட்டைப் பகுதியோடு. மீன்பிடிப்புப் பகுதியில் யார் பெயரும் இல்லை. அவர் சோப்வெல் மடத் தலைவி என்ற செய்தி பிற்காலத்தவர் சேர்த்தது, அந்த மடத்தின் ஆவணங்களில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அச்சுக்கு முந்தைய கையெழுத்துப் பிரதி ஒன்று 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அந்தப் பிரதியிலும் ஆசிரியர் பெயர் இல்லை.

அப்புறம் எதற்கு அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அவர் எழுதினாரா என்பதை விட, பின்வந்த தூண்டில்காரர்களுக்கு அவர் எழுதியதாக நம்ப ஏன் அவ்வளவு ஆசை என்பது சுவையான கேள்வி. உயர்குடிப் பெண், அதுவும் துறவி, இந்தக் கலைக்குத் தாய் என்றால் கலைக்கே ஒரு கௌரவம் வந்துவிடுகிறது அல்லவா?

வால்டனை எடுத்தால் பதிப்பைக் குறியுங்கள்

ஐசக் வால்டனின் புத்தகம் 1653-இல் வந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே 1655, 1661, 1668, 1676 என்று மேலும் நான்கு பதிப்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும் அவர் கை வைத்தார். முதல் பதிப்பில் பேசிக்கொள்பவர்கள் இருவர், இரண்டாம் பதிப்பில் மூவர். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 1676 பதிப்பின் வழிவந்தது.

இது ஏன் முக்கியம்? ஃப்ளை ஃபிஷிங்கில் வால்டன் பெரிய கை இல்லை, அவர் இரை குத்திப் பிடிக்கும் ஆள். 1653 பதிப்பில் செயற்கைப் பூச்சி பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் தாமஸ் பார்க்கர் 1651-இல் போட்ட சிறு நூலிலிருந்து வந்தது. பார்க்கர் சமையல் தெரிந்தவர், பந்தா இல்லாமல் எழுதுவார். கோலில் பொருத்தும் ரீல் (நூலைச் சுற்றிவைக்கும் உருளை) பற்றிய முதல் ஆங்கிலக் குறிப்பும் அவரிடம்தான் இருக்கிறது. (ரீலே ஐரோப்பியக் கண்டுபிடிப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1195 வாக்கில் மா யுவான் வரைந்த சீன ஓவியத்தில் படகில் இருப்பவரின் தூண்டிலில் ரீல் தெளிவாகத் தெரிகிறது.) தெளிந்த ஓடையில் ட்ரவுட்டுக்குச் செயற்கைப் பூச்சி போடும் விரிவான பகுதியை எழுதியவர் சார்ல்ஸ் காட்டன். அது சேர்ந்தது 1676-இல்தான். "1653-இல் வால்டன் ஃப்ளை ஃபிஷிங்கை விளக்கினார்" என்று காட்டனின் வரிகளை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் உண்டு. உங்கள் கட்டுரை அதில் ஒன்றாக வேண்டாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பத்திரிகைகள்

1850-க்குப் பிறகு நடந்ததைப் புத்தகங்களை மட்டும் வைத்து எழுதினால் பாதிதான் கிடைக்கும். சண்டைகள் நடந்தது பத்திரிகைகளில். இங்கிலாந்தில் 1853-இல் தொடங்கிய "தி ஃபீல்ட்", 1877-இல் தொடங்கிய "ஃபிஷிங் கெஜட்", அமெரிக்காவில் 1873-இல் வந்த "ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்" ஆகியவற்றின் ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியைப் புரட்டுங்கள்.

எடுத்துக்காட்டாக, நீர்மேல் மிதக்கும் பூச்சியை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கட்சிக்கு ஹால்ஃபோர்ட் தலைவர். டெஸ்ட், இட்சென் போன்ற தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஆறுகள்தான் அவர்கள் களம். அவருடைய முதல் புத்தகம் 1886-இல், அடுத்தது 1889-இல் வந்தது. வழக்கறிஞரான ஜி.இ.எம். ஸ்கூஸ் 1910-இல் எழுதிய புத்தகத்தில், மீன் நீருக்கடியில்தானே பெரும்பாலும் மேய்கிறது, அங்கே போட்டால் என்ன தப்பு என்று வாதாடினார். ஹால்ஃபோர்ட் 1914-இல் இறந்த பிறகும் சண்டை ஓயவில்லை. 1938-இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்காகவே ஒரு விவாதக் கூட்டம் நடந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மீன் பிடிக்கும் உத்தி பற்றிய தகராறு. உள்ளே போனால் யாருடைய ஆறு, யார் வைத்த விதி, எது கனவானுக்கு அழகு என்ற வர்க்கக் கேள்விகள். கட்டுரைக்குத் தீனி அங்கேதான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மிதக்கும் பூச்சியைக் "கண்டுபிடித்தவர்" ஹால்ஃபோர்ட் என்று எழுதாதீர்கள். டெவன் பகுதியைச் சேர்ந்த ஜி.பி.ஆர். புல்மன் அவருக்கு ஒரு தலைமுறை முன்பே அதை எழுதிவிட்டார். ஹால்ஃபோர்ட் அதை முறைப்படுத்தி, சட்டம் மாதிரி ஆக்கியவர். அவர் 1890-இல் அனுப்பிய மாதிரிப் பூச்சிகள்தான் அமெரிக்காவின் கேட்ஸ்கில் மலை ஓடைகளில் தியோடர் கார்டன் அமெரிக்கப் பூச்சிகளுக்கு ஏற்ப மாற்றிக் கட்டத் தொடங்கியதற்குத் தூண்டுதல். கார்டன் புத்தகம் எழுதவில்லை, கடிதங்களும் பத்திரிகைக் குறிப்புகளுமே எழுதினார்.

பொருளைப் பிடித்துக்கொண்டு போகும் வழி

எழுத்துச் சான்றில் சிக்கித் திணறுகிறவர்களுக்கு நான் சொல்வது, ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். நூலின் நுனியில் கட்டும் இழையையே பாருங்கள். வால்டன் காலத்தில் குதிரை வால் முடி. பிறகு பட்டுப்புழு நரம்பு: கூடு கட்டத் தயாராக இருக்கும் புழுவைக் காடியில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிக் காயவைப்பார்கள். ஸ்பெயினின் முர்சியா அதற்குப் பெயர் போன ஊர். 1930-களின் கடைசியில் நைலான் வந்ததும் அந்தத் தொழில் படுத்தது. கோலும் அப்படித்தான். சீனாவின் டோன்கின் மூங்கிலைக் கீற்றாகப் பிளந்து ஒட்டிய கோல்கள் பெரும் புகழ் பெற்றிருந்தன. 1950-இல் சீனாவோடு வணிகத்தை அமெரிக்கா தடை செய்ததும் கண்ணாடியிழைக் கோல்களுக்கு வழி திறந்தது.

நம் பக்கத்துக்கு நேராக வந்து சேரும் பொருள் ஒன்றும் உண்டு: சாம்பல் காட்டுக்கோழியின் இறகு. மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவும் அதே காட்டுக்கோழிதான். சேவலின் கழுத்து இறகு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தால், கறுப்பும் சாம்பலுமான தண்டின் நுனியில் மெழுகு சொட்டியது போல மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளக்கும் புள்ளிகள் தெரியும். விக்டோரியா காலத்தில் சால்மன் பிடிக்கக் கட்டிய செயற்கைப் பூச்சிகளில் கண் போல இருபுறமும் வைத்துக் கட்டியது இதைத்தான். ஜார்ஜ் கெல்சன் 1895-இல் எழுதிய சால்மன் பூச்சிப் புத்தகத்தின் செய்முறைகளில் இது திரும்பத் திரும்ப வரும். 1902-இல் இந்திய அரசு பறவை இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1921-இல் பிரிட்டன் இறகு இறக்குமதிக்குத் தடைச் சட்டம் போட்டது. அப்படியிருக்க, அந்த இறகு எந்த வழியாகப் பூச்சி கட்டுபவர்களின் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது? சட்டத்தின் விதிவிலக்குகள், சுங்கக் கோப்புகள், பத்திரிகை விளம்பரங்கள் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முழுக் கட்டுரையே கிடைக்கும்.

நீலகிரியும் அப்படித்தான். தென்கன்னட மாவட்டக் கலெக்டராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிப் புத்தகம் எழுதினார். மஹ்சீர் மீன் சால்மனை விட முரட்டுத்தனமாக இழுக்கும் என்பது அவர் கட்சி. மீனியல் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே 1860-களில் ட்ரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். வேட்டை விலங்கோடு மீனையும் சேர்த்துக் காக்க 1879-இல் நீலகிரிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் முயற்சியில்தான் வானவில் ட்ரவுட் நிலைத்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. இலங்கையின் நுவரெலியாவில் 1880-களிலேயே ட்ரவுட் இறங்கிவிட்டது. இதை எடுப்பவர்கள் தூண்டில் ஆர்வலர்களின் நினைவுக் குறிப்புகளோடு நிறுத்திவிடாமல், அந்த ஓடைகளில் ஏற்கெனவே உரிமை வைத்திருந்த மக்களைப் பற்றிக் கோப்புகள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்றும் பார்க்க வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இதற்கு உதவும்.

தேடும்போது

இன்டர்நெட் ஆர்கைவ், ஹாத்திடிரஸ்ட், பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி ஆகிய மூன்று இணைய நூலகங்களிலும் தேடுங்கள். எந்தப் புத்தகங்கள் இருக்கின்றன என்றே தெரியாதவர்களுக்கு, வெஸ்ட்வுட், சாட்செல் இருவரும் 1883-இல் தொகுத்த மீன்பிடிப்பு நூற்பட்டியல் இன்றும் நல்ல கைவிளக்கு. வெர்மாண்ட் மாநிலம் மான்செஸ்டரில் உள்ள அமெரிக்க ஃப்ளை ஃபிஷிங் அருங்காட்சியகம் 1974 முதல் நடத்திவரும் இதழின் பழைய பிரதிகளை இணையத்தில் படிக்கலாம். மார்பரியின் பூச்சிகளோடு 1893 சிகாகோ கண்காட்சியில் வைத்த பலகைகளும் அங்கேதான் இருக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டுக்கு வருபவர்கள் மொன்டானா ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தின் ட்ரவுட் தொகுப்பையும், அதிலுள்ள வாய்மொழிப் பேட்டிகளையும் பாருங்கள்.

பழைய புத்தகத்துக்குள் சொல் தேடும்போது ஒரு தொல்லை வரும். 1800-க்கு முந்தைய அச்சில் சொல்லின் நடுவே வரும் எஸ் எழுத்து பார்வைக்கு எஃப் மாதிரியே இருக்கும். கணினி அதை எஃப் என்றே படித்துவைத்திருக்கும். ஃபிஷ் என்று தேடினால் ஒன்றும் வராது. எஸ் இருக்கும் இடத்தில் எஃப் போட்டுத் தேடினால் வரிசையாக வந்து விழும். ட்ரவுட் என்ற சொல்லுக்கும் இரண்டு மூன்று பழைய எழுத்துக்கூட்டல் உண்டு, எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: நீங்கள் எங்கே பார்த்தீர்கள், அதை எழுதியவர் எங்கிருந்து எடுத்ததாகச் சொல்கிறார். இரண்டாவது காலியாக இருந்தால் சிவப்பில் வட்டம் போடுங்கள். எழுத உட்காரும்போது சிவப்பு வட்டத் தகவல்களுக்கு மூலம் தேடுங்கள், கிடைக்கவில்லையென்றால் வெட்டிவிடுங்கள். மூலத்தை நேரில் பார்க்காமல் ஹாஃப்மன் வழியாக டெகர்ன்ஸே கையேட்டைக் காட்டினால், அடிக்குறிப்பில் ஹாஃப்மன் பெயரும் வர வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைத்தால்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

நூலகருக்கு மின்னஞ்சல் அனுப்புவதைக் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். "ஃப்ளை ஃபிஷிங் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "1890 முதல் 1914 வரை பெண்கள் பூச்சி கட்டிய பட்டறைகளின் விலைப்பட்டியல் ஏதாவது உங்கள் தொகுப்பில் உண்டா?" என்று கேட்டால் ஒருவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்ப்பார். படம் சேர்க்க நினைத்தால் அதே மின்னஞ்சலிலேயே அனுமதியையும் கேட்டுவிடுங்கள். அதற்குத் தனியாக ஒரு படிவம் வரும், நிரப்பி அனுப்பி பதில் வரவும் நாளாகும்.